கற்றல் வட்டங்களில் ‘தம்பி’ என்னும் பதவி: ஒரு முன்னோட்ட ஆய்வு

சிங்கப்பூரில் ஓய்வுபெற்ற தமிழர்கள் கூடிப் படிக்கும் வட்டத்தில் ஓய்வுபெறாத ஒருவர் போய்ச் சேர்ந்தால் அவர் என்ன ஆகிறார் என்பதை இதுவரை யாரும் முறையாக ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. ஆராயும் தகுதி உள்ளவர்கள் அந்த நேரத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தது காரணமாக இருக்கலாம். அந்தக் குறையை இக்கட்டுரை தீர்க்க முயல்கிறது. கட்டுரையாளருக்கு வயது 44. களம், ஒரு சமூக மன்றத்தின் மாடி அறையும் கூட்டம் முடிந்தபின் தேக்கா உணவங்காடியில் ஒட்டிப் போடப்படும் இரண்டு மேசைகளும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓய்வுபெற்றோருக்கென்று ஒரு பல்கலைக்கழகம் என்ற யோசனையை 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் பியேர் வெல்லாஸ் தொடங்கிவைத்தார். அங்கே பேராசிரியர் பேசினார், பெரியவர்கள் கேட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் இந்த யோசனை கேம்பிரிட்ஜுக்குப் போனபோது பேராசிரியரைக் கழற்றிவிட்டார்கள். உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது, தேர்வு கிடையாது, சான்றிதழும் கிடையாது. சிங்கப்பூரில் 2016இல் நேஷனல் சில்வர் அகாடமி வந்தது. 50 வயதைத் தொட்ட குடிமக்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. எங்கள் வட்டம் கேம்பிரிட்ஜ் மரபு. அதாவது, காசு இல்லாத மரபு. வாரம் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் திருத்துவார்கள்.

அடுத்து, இளமை என்றால் என்ன? இங்கேதான் ஆய்வுலகம் திணறுகிறது. பன்னிரு பாட்டியல் என்னும் பழைய இலக்கண நூல் ஆணின் பருவங்களைப் பாலன், மீளி என்று அடுக்கிக்கொண்டே போய், 30 வயதைத் தாண்டியவனை முதுமகன் என்று முடித்துவிடுகிறது. பெண்ணுக்குப் பேரிளம்பெண்ணோடு 40இல் பட்டியலே தீர்ந்துவிடுகிறது. (இதை வட்டத்தில் சொன்னபோது, எழுதினவன் கண்டிப்பாக ஆண்தான் என்று 71 வயது ஆன்ட்டி ஒருவர் ஒரே வரியில் ஆசிரியர் ஆராய்ச்சியை முடித்துவைத்தார்.) தேசிய இளையர் மன்றத்தின் கணக்கில் இளையர் என்பது 15 முதல் 35 வரை. அதிகாரி அல்லாத தேசிய சேவையாளரை ராணுவம் 40இல், போதும் போ என்று அனுப்பிவிடுகிறது. அதே 40ஐத் தாண்டியவர்களின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 2024 மே மாதம் அரசாங்கம் 4,000 வெள்ளி போட்டு, மறுபடியும் முதலிலிருந்து படி என்றது. ஆக, பாட்டியல், படை, பட்ஜெட் மூன்றின்படியும் நான் கிழவன். வட்டத்துக்குள் கால் வைத்த முதல் நிமிடத்தில் கேட்டதோ, “தம்பி, அந்த ஏர்கானைக் கொஞ்சம் குறைங்க.”

எனவே இக்கட்டுரையின் கருதுகோள் இது: இளமை வயது அல்ல, பதவி. ஓர் அறையில் ஒருவர் அதை வகித்தே ஆகவேண்டும். காலியாக விட முடியாது.

இதற்குச் சான்று தற்செயலாகக் கிடைத்தது. காய்ச்சலால் நான் போகாத ஒரு வாரம், முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்ட 61 வயதுக்காரர், அதுவரை முதுகுவலி என்று மேசைப் பக்கமே வராதவர், நாற்காலி அடுக்கினார், திரையை இறக்கினார், புரொஜெக்டருக்கு ஒயர் தேடினார். அன்று மாலைவரை அவரைத் தம்பி என்றே அழைத்ததாக நம்பகமான சாட்சிகள் சொல்கிறார்கள். அடுத்த வாரம் நான் உள்ளே நுழைந்ததும் அவருக்கு முதுகுவலி திரும்பிவிட்டது.

பதவியின் கடமைகளில் முதலிடம் கைப்பேசிக்கு. வாட்ஸ்அப் எழுத்தைப் பெரிதாக்குவது, சிங்பாஸ் முகத்தை ஏற்க மறுக்கும்போது கண்ணாடியைக் கழற்றச் சொல்வது, சிடிசி பற்றுச்சீட்டு எந்தக் குறுஞ்செய்தியில் வந்தது என்று பேரனின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே தேடுவது. “மகன்கிட்ட கேட்டா கோவிச்சுக்கிறான் தம்பி” என்பது இச்சேவைக்கான விண்ணப்பப் படிவம்.

ஆனால் அறிவு ஒருவழிப் பாதை அல்ல. செம்பவாங் கடற்படைத் தளத்தில் அப்பா வேலை பார்க்க, அங்கேயே வளர்ந்த அங்கிள் ஒருவர், 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பிய சமயம் வீட்டில் சம்பளப் பேச்சு எப்படி மாறியது என்று ஒருநாள் பேசினார். காகிதம் எதுவும் கையில் இல்லை. கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப்புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டதைப் பற்றிப் பேச வந்த முன்னாள் ஆசிரியையோ பாதியில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடித்து, “எங்க விட்டேன்?” என்றார். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. என் அலுவலகத்துப் பயிற்சி வகுப்புகளில் இப்படி ஒரு மௌனத்தை நான் பார்த்ததில்லை. அங்கே எல்லாரும் பதில் வைத்திருப்பார்கள்.

மிகச் சிக்கலான பகுதி நிலவியல். பெரியவர்கள் ஊருக்குள் போய்வருவது இப்போதுள்ள கட்டடங்களை வைத்து அல்ல, இடித்துவிட்ட கட்டடங்களை வைத்து. “மார்க்கெட்டுக்கு எதிரே நில்லுங்க தம்பி, வந்துடறோம்” என்றார்கள். நான் இன்றைய தேக்கா நிலையத்துக்கு எதிரே, சிராங்கூன் சாலையின் மறுபக்கம் போய் நின்றேன். அவர்கள் சொன்னது 1915இல் திறந்து, 1982இல் இந்தப் பக்கம் இடம் மாறிய பழைய கண்டாங் கெர்பாவ் மார்க்கெட்டை. அது இருந்தது சாலையின் அந்தப் பக்கம். ஆகவே அதற்கு எதிரே என்பது இன்றைய மார்க்கெட் வாசல். நான் நின்றதோ ஏறக்குறைய பழைய மார்க்கெட்டுக்குள்ளேயே. இரு தரப்பும் சரியாகச் சொன்ன இடத்தில், சாலையின் இரு பக்கமும் நின்று, ஒருவரையொருவர் பார்த்துக் கையசைத்தோம். கூகுள் வரைபடம் இதில் உதவாது. அதற்கு 1982க்கு முன்னால் எதுவும் தெரியாது.

சாலை கடப்பதையும் ஆய்வாளர் விட்டுவிடக் கூடாது. 2009இல் வந்த ‘கிரீன் மேன் பிளஸ்’ ஏற்பாட்டில் மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் காட்டினால் பச்சை விளக்கு, கடவையின் அகலத்தைப் பொறுத்து, 3 முதல் 13 நொடிவரை கூடுதலாக எரியும். என் அட்டையைக் காட்டினால் எரியாது. இப்படி ஒரு கடவையில் அம்மாமார்கள் அட்டையைக் காட்டிவிட்டு, விறுவிறுவென்று அக்கரை சேர்ந்து, திரும்பி நின்று காத்திருந்தார்கள். அவர்களுடைய பைகள், குடைகள், வெந்நீர்க் குடுவைகள், ஒரு கட்டு வெற்றிலை ஆகியவற்றுடன் கடைசியாக வந்தவன் நான். கூடுதல் நொடிகளை முழுவதும் அனுபவித்தவனும் நான்தான்.

பதவிக்காலம் பற்றித் துல்லியமாகச் சொல்ல இயலவில்லை. ஓய்வு வயது 2022 ஜூலையில் 63 ஆனது. 2026 ஜூலையில் 64 என்று அறிவித்திருக்கிறார்கள். நான் கிட்டே போகப் போக வாசல் தள்ளிப்போகிறது. எனக்குக் கீழே ஒருவர் வந்து சேர்ந்தால் விடுதலை உண்டு. சென்ற மாதம் 38 வயதுப் பெண் ஒருவர் எட்டிப் பார்த்தார். நான் வாசல்வரை போய், மிகையான பாசத்துடன் வரவேற்றேன். அதைக் கண்டே அவர் திரும்பிப் போயிருக்க வேண்டும்.

ஆய்வு நெறிப்படி இக்கட்டுரையை வெளியிடுமுன் சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக்கு வட்டத்தில் வைத்தேன். பழைய மார்க்கெட் பற்றிய பத்தி மட்டும் நாற்பது நிமிடம் விவாதிக்கப்பட்டது. மீன் கடை எந்த வரிசையில் இருந்தது என்பதில் இரு அணிகள் உருவாயின. முதுகுவலிக்காரர் தம் பகுதியை நீக்கச் சொன்னார். முன்னாள் ஆசிரியை மூன்று ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு தம்பி. பெருசாக்கி எல்லாருக்கும் ஒண்ணொண்ணு அடிச்சுக் கொண்டாந்துடுங்க.”