நனையாமல் மழையை ஆராய்வது எப்படி?

வானிலையியலில் பட்ட மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டதா? வாழ்த்துகள். தலைப்பும் கையோடு வந்திருக்கும்: 'வட சிலாங்கூரில் கடும் இடிமழையை முன்னறிவித்தல்'. பயப்பட ஒன்றுமில்லை. ஒரு சொட்டு மேலே படாமல் இதை முடித்துவிடலாம். பாதி வேலையை நீங்களே ஏற்கெனவே திறம்படச் செய்துகொண்டிருக்கிறீர்கள்; மீதியை நான் சொல்லித் தருகிறேன்.

1. ஊரைத் தேர்ந்தெடுங்கள், ஊருக்குப் போகாதீர்கள். குவாலா சிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, தஞ்சோங் காராங் எல்லாம் அடங்குமாறு வரைபடத்தில் ஒரு சிவப்புக் கட்டம் போடுங்கள். முதல் அத்தியாயத்தில் கம்போங் குவாந்தான் மின்மினிகள், மெலாவத்தி குன்றின் கலங்கரை விளக்கம், 1917இல் நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் என்று எல்லாவற்றையும் இறக்குங்கள். மழை நாற்பதாம் பக்கத்தில் தொடங்கினால் போதும்.

2. முன்னறிவிப்புச் சூத்திரத்தை ஓக்லஹோமாவிலிருந்து தருவியுங்கள். உயரே போகப் போகக் காற்று வேகமெடுத்துத் திசை மாறும் ஊர்களுக்காகச் செய்த சூத்திரம் அது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் மேல்காற்று பெரும்பாலும் சோம்பல்; இங்கே மழையைக் கிளப்புவது வெயிலும் ஈரமும் கடற்காற்றும் மலையும். அதனாலென்ன? சூத்திரம் 'இன்று ஒன்றுமில்லை' என்று சொன்ன நாளில் லயத்துக் கூரைத் தகரம் பறந்தால், அந்த நாளை 'விதிவிலக்குகள்' என்ற பத்தியில் நல்லடக்கம் செய்யுங்கள்.

3. விடிகாலையில் தூங்குங்கள். இது மிக முக்கியம். இரவில் சுமத்ராவிலிருந்தும் தீபகற்பத்திலிருந்தும் கடலை நோக்கி வீசும் நிலக்காற்றுகள் மலாக்கா நீரிணைக்கு மேலே முட்டிக்கொள்ளும். மேகங்கள் வரிசை கட்டும். தென்மேற்குக் காற்று அந்த வரிசையைத் தள்ளிக்கொண்டு வந்து, பொழுது விடிவதற்குள் கரையேற்றிவிடும். சுமத்ரா சூறைக்காற்று என்று பெயர். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இதன் காலம். தோட்டத்தில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரமும் இதுதான். எனவே உங்கள் ஆய்வு நேரத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் மழை மரியாதை தெரிந்தது. சாப்பிட்ட பிறகுதான் வரும்.

4. கடிகாரத்தைத் திருத்தாதீர்கள். வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரி உலகப் பொது நேரத்தில் பேசும். மலேசியா எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. 14ஆம் தேதி காலை ஐந்து மணிக்கு அடித்த சூறை, கணினியில் 13ஆம் தேதி இரவு ஒன்பது மணி என்று விழும். அப்படியே படம் வரையுங்கள். தோட்டத்து மழைமானியைக் காலை எட்டு மணிக்கு அளப்பார்கள். அது பொது நேரத்தின் சரியான நள்ளிரவு, அதாவது தோட்டத்துக் கணக்கும் கணினிக் கணக்கும் ஒரு தேதி நகர்த்தினால் அச்சாகப் பொருந்திவிடும். நகர்த்தாதீர்கள். பொருந்திவிட்டால் அப்புறம் 'மாதிரியின் குறைபாடுகள்' என்ற அத்தியாயத்தில் எதை எழுதுவீர்கள்?

5. மாதிரியின் கட்டம் பெரிதாக இருக்கட்டும். 31 கிலோமீட்டர் கட்டத்தில் ஜெராம் கடற்கரை, சதுப்புக் காடு, செம்பனை, பத்தாங் பெர்ஜுந்தை எல்லாம் சேர்ந்து ஒரே நிறமாகிவிடும். பார்க்க அழகு.

6. தோட்டத்து ஏடுகளைத் தொடாதீர்கள். ஆபீஸ் வாசலில் மழைமானி இருக்கும். கிராணி அதைத் திறந்து, நீரைக் கண்ணாடி அளவையில் ஊற்றி, கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, ஏட்டில் எழுதுவார். ரப்பர் மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டிய பாலும் கழுவிக்கொண்டு போய்விடும். மில்லிமீட்டருக்குப் பின்னால் சம்பளக் கணக்கு நின்ற காலத்தில் ஏனோதானோவென்று எழுத முடியுமா? இப்படிப்பட்ட ஏடு உங்கள் முடிவுகளுக்கு ஆபத்து. பொறுமையாக இருங்கள். தோட்டத்தை விற்று வீடமைப்பு வரும்போது ஏடுகள் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். அதன் பிறகு 'இப்பகுதியில் நீண்டகாலத் தரவு இல்லை' என்று எழுதுங்கள். அப்போது அது உண்மையாகவும் இருக்கும்.

7. விழுக்காட்டை மட்டும் காட்டுங்கள். 1884இல் அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த ஜான் ஃபின்லி, தம்முடைய டொர்னாடோ முன்னறிவிப்பு 96.6 விழுக்காடு சரி என்றார். தினமும் 'வராது' என்று சொல்லியிருந்தாலே 98.2 கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். ஃபின்லியின் தவறு, வரும் என்று சில நாள் சொன்னதுதான். நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள். 'சூறை வராது' என்று வருடம் முழுக்கச் சொல்லி, விழுக்காட்டைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

8. 'நிலநடுக்கோட்டருகே புயல் உருவாகாது' என்ற பாடநூல் வரியை அப்படியே எடுத்து எழுதுங்கள். 2001 டிசம்பர் 27இல் ஜொகூரில் கரையேறிய வாமெய் சூறாவளியைப் பற்றி மூச்சு விடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையின் தலைவலி என்றும் எழுதலாம். 2021 டிசம்பரில் தென்சீனக் கடலிலிருந்து வந்த தாழ்வு மண்டலம் சிலாங்கூரையே மூழ்கடித்ததை யாராவது கிளப்பினால், 'ஆய்வுக் காலத்துக்கு வெளியே' என்று சொல்லிவிடுங்கள்.

9. எச்சரிக்கை யாருக்கு என்று கேட்காதீர்கள். மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் அறிகுறி தெரிந்தால் மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியா இடிமழை எச்சரிக்கை விடும். ஒருமுறை விட்டால் அதிகபட்சம் ஆறு மணி நேரம்தான் செல்லும். செம்பனைக் குலை வெட்டுபவர் கையில் பல அடி உயர அலுமினியக் கழி. பெரட்டில் நிற்கும் பலர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். அந்த எச்சரிக்கை மண்டோர் வாய்க்கு எத்தனை மணிக்கு வருகிறது, வந்தபின் அவர் என்ன சொல்கிறார் என்று பார்க்கப் போனால் அதுவே ஒரு நல்ல ஆய்வாகிவிடும். போகாதீர்கள். 'சம்பந்தப்பட்ட தரப்பினருக்குப் பயன்படும்' என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது.

10. முடிவுரையில் 'மேலும் ஆய்வு தேவை' என்று எழுதுங்கள். அதற்கும் நீங்களே விண்ணப்பிக்கலாம்.

பட்டம் வந்த பிறகு ஒரே ஒரு எச்சரிக்கை. ஆய்வேட்டின் பிரதியைத் தோட்டத்துக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். கிராணி வரிக்கு வரி படிப்பார். படித்துவிட்டு, "தம்பி, 13ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு இங்க மழையே இல்லையே, நான் வாசல்லதானே உட்கார்ந்திருந்தேன்" என்று போன் போடுவார்.