புல் எண்ணும் விஞ்ஞானிகள்

கேள்வி: ஆளில்லாத ஆர்க்டிக் தூந்திரத்தில் விஞ்ஞானிகளுக்கு என்ன வேலை? புல்லை எண்ணவா போகிறார்கள்?

பதில்: புல்லைத்தான் எண்ணுகிறார்கள்! ஒரு சட்டத்தைத் தரையில் வைத்து, நூறு புள்ளிகளில் ஊசியை இறக்கி, ஒவ்வொரு ஊசியும் எந்த இலையைத் தொடுகிறது என்று குறிக்கிறார்கள். முட்டி போட்டபடி, கொசுக்கடிக்கு நடுவே. 1990-இல் தொடங்கிய சர்வதேசத் தூந்திரப் பரிசோதனையின் அன்றாட வேலை இது. சில செடிகளைச் சுற்றி மேலே திறந்த கண்ணாடியிழைக் கூண்டு வைப்பார்கள். உள்ளே வெப்பம் 1 முதல் 3 டிகிரி வரை கூடும். நாளைய தூந்திரத்தை இன்றே பார்த்துவிடலாம். பார்த்ததில் புதர்கள் உயர்கின்றன, பாசியும் லைக்கனும் குறைகின்றன. லைக்கன்தான் கலைமானின் பனிக்காலச் சாப்பாடு. அலாஸ்காத் தூந்திரத்திலோ பீவர்கள் குடியேறி அணை கட்ட, தேங்கும் நீர் அடியிலுள்ள உறைமண்ணை உருக்குகிறது. அந்த ஐஸ்பெட்டியைத் திறந்து வைத்தால் சும்மா இருக்குமா? காற்று மண்டலத்தில் உள்ளதைப் போல் சுமார் இரண்டு மடங்கு கார்பன் வடக்கின் உறைமண் பகுதிகளில் இருக்கிறது; மண் உருகினால் அது காற்றில் கலக்கத் தொடங்கும்.

ஆனால் ‘ஆளில்லாத’ என்பதை அடித்துவிடுங்கள். இன்யூட்டுகளும் நெனெட்ஸ் மக்களும் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் வாழ்கிறார்கள்.