பத்தொன்பது வயதுச் சின்ன துரை

1950களில் மலாயாவின் கேமரன் மலைப் பக்கம் ரோந்து வந்த வெள்ளைக்கார லெப்டினென்ட் பலருக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை. கட்டாய ராணுவ சேவை. பெரிய வீட்டுப் பிள்ளை, உயர்குடிப் பள்ளி, ஈட்டன் ஹால் பிரபு மாளிகையில் நாலு மாதப் பயிற்சி. உடனே முப்பது சிப்பாய்களும் பகாங் காடும் கைக்கு வந்துவிடும். பள்ளியில் சட்டாம்பிள்ளையாக இருந்தவனுக்கு அட்டைக்கடிதான் புதுப்பாடம்.

அங்கே கம்யூனிஸ்ட் கொரில்லாக்களோடு நடந்த சண்டையைப் போர் என்று சொல்லக்கூடாது. சொன்னால் லண்டன் இன்சூரன்ஸ்காரன் தோட்டத்து நஷ்டத்துக்குக் காசு தரமாட்டான் என்பார்கள். ஆகவே 1948 முதல் 1960 வரை வெறும் 'அவசரகாலம்'. செத்தவர்கள் மட்டும் போரில் சாவதுபோலவே செத்தார்கள்.

அதே வயதுத் தமிழ்ப் பையன் முதுகில் கொழுந்துக் கூடையோடு நின்று, சின்ன துரையிடம் அடையாள அட்டையை நீட்டுவான். இரண்டு வருஷம் முடிந்தால் அவர் ஆக்ஸ்ஃபோர்டுக்கு. இவன் அடுத்த நிரைக்கு.