பத்தாயிரம் கிலோ கொழுந்து

எங்கள் நீலகிரியின் குந்தா மின்திட்டத்தில் ஆறு மின்நிலையங்கள். 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கைகொடுக்க, மலையைக் குடைந்து, அணை கட்டி, குழாய் இறக்கித் தொடங்கிய வேலை. மொத்தம் 585 மெகாவாட். ஊருக்கெல்லாம் வெளிச்சம் அனுப்புகிறவர்கள் என்று எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு மஞ்சூர்ப் பக்கம் ஏதாவது ஒரு மைதானத்தில் நின்று கால்பந்து ஆட்டத்தைப் படம் பிடித்துப் பாருங்கள். உள்ளூருக்கு ஒரு பொட்டுகூட மிச்சம் வைக்காமல் அத்தனையையும் கீழே அனுப்பிவிட்டார்களோ என்று தோன்றும்.

இந்தச் சந்தேகம் எனக்கு வரக் காரணம் என் அக்கா மகன். "ஊர்ல எல்லாக் கல்யாணத்துலயும் பந்தியப் படம் எடுக்குறீங்க. எங்க டோர்னமெண்ட்டுக்கு மட்டும் வரமாட்டீங்களா மாமா?" என்று கேட்டான். பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஓடுவதில்லை என்கிற தொழில்நுட்ப வித்தியாசம் அவனுக்குப் புரியவில்லை.

என்னிடம் இருந்தது கேமராவோடு சல்லிசாகக் கிடைத்த 55-250 ஜூம். நல்ல பிள்ளைதான். ஆனால் முழுக்க நீட்டினால் அதன் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழைகிற வாய், 5.6-க்கு மேல் திறக்காது (எண் குறைந்தால்தான் வாய் பெரிசு). மூடுபனி இறங்கிய சாயங்காலத்தில், வெளிச்சத்தைப் பிடிக்கிற வேகமான ஐஎஸ்ஓவை 800-ல் வைத்தால், ஷட்டர் நொடியில் 125-ல் ஒரு பங்கு என்று காட்டும். உதைபட்ட பந்து நொடிக்கு இருபது மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தக் கண்ணிமைப்புக்குள் அது பதினாறு சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. பந்தின் குறுக்களவே இருபத்திரண்டுதான். படத்தில் பார்த்தால் பதினொரு பேரும் ஒரு கேரட்டைத் துரத்திக்கொண்டிருப்பார்கள்.

இதே இடத்தில், இதே நேரத்தில், 2.8 திறக்கிற லென்ஸ் இருந்தால் நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 125 என்பது 500 ஆகும். கேரட் மறுபடி பந்தாகிவிடும். விளையாட்டுப் படக்காரர்கள் எல்லோரும் 70-200 'டூ பாயிண்ட் எயிட்' என்று ஜெபிப்பது இதற்காகத்தான். 200 மில்லிமீட்டரை 2.8-ஆல் வகுத்தால் 71. அந்த லென்ஸின் முன்கண்ணாடி குறைந்தது ஏழு சென்டிமீட்டர் அகலமாவது இருந்தாக வேண்டும். அவ்வளவு பெரிய கண்ணாடியைக் குறையில்லாமல் வார்த்து, தேய்த்து, பூச்சுப் பூசி, அதற்குப் பின்னால் இன்னும் இருபது கண்ணாடிகளை அடுக்கி, ஒன்றரைக் கிலோ எடையில் கொடுக்கிறார்கள். விலை ஏன் அப்படி என்று அதற்கப்புறம் கேட்க மனசு வராது.

விலை? பெரிய கம்பெனிகளின் புது மாடல் இரண்டு லட்சத்துக்கு மேல். ரூபாயில் சொன்னால் எங்கள் வீட்டில் யாருக்கும் உறைக்காது. இங்கே எல்லாக் கணக்கும் பச்சைத் தேயிலையில்தான். கொழுந்து கிலோ இருபது ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு லென்ஸுக்குப் பத்தாயிரம் கிலோ கொழுந்து. அதுவும் பறிகூலி, உரம், கவாத்துச் செலவு எதையும் கழிக்காமல். கழித்துப் பார்த்தேன். எங்கள் அரை ஏக்கரை நம்பினால், லென்ஸ் வந்து சேரும் நாளில் அக்கா மகனுடைய மகன் பந்து விளையாடிக்கொண்டிருப்பான்.

என் மனைவி மேட்டுப்பாளையத்துக்காரி. கணக்கைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, அந்தப் பந்தைக் கொஞ்சம் மெதுவா உதைக்கச் சொல்லக் கூடாதா?" என்றாள். இன்றுவரை எனக்குக் கிடைத்த யோசனைகளில் செலவே இல்லாதது அது ஒன்றுதான்.

மற்ற யோசனைகளுக்கும் பஞ்சமில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் ஊட்டி இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960-ல் தொடங்கி, 1967-ல் உற்பத்திக்கு வந்த மத்திய அரசு நிறுவனம். நாட்டில் எத்தனையோ இடம் இருக்க நீலகிரிக்கு அது வந்ததே இங்கே இருந்த தூசி இல்லாத குளிர்ந்த காற்றுக்காக. 'இந்து' கறுப்பு-வெள்ளைச் சுருளும் எக்ஸ்ரே ஃபிலிமும் இந்தியா முழுக்கப் போயின. பிறகு நிறுவனம் நலிந்து, ஃபேக்டரி நின்று, பெரியவரும் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் ஐஎஸ்ஓ பற்றிய கண்டிப்பு மட்டும் போகவில்லை.

"நாங்க 400 ஸ்பீடு ஃபிலிமைக் கையில வாங்கினாலே பெரிய பவுசு. உங்க டப்பாவுல 6400 வரைக்கும் இருக்கு. திருகிவிட்டுட்டு எடுக்காம, லென்ஸு லென்ஸுன்னு அழறீங்க" என்றார்.

நியாயமான பேச்சு. காசில்லாதவன் முதலில் கைவைக்க வேண்டியது ஐஎஸ்ஓ மேல்தான். புள்ளிப் புள்ளியாகத் தெரிகிற படத்தைக்கூடப் பார்க்கலாம், தேய்ந்துபோன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பெரியவருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. கேமரா ஃபோகஸ் பிடிப்பது லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சத்தை வைத்து. ஐஎஸ்ஓவை எவ்வளவு ஏற்றினாலும் அந்த வெளிச்சம் ஒரு துளி கூடாது. பனிக்குள் வெள்ளைச் சட்டை போட்டவனைக் காட்டினால், 5.6 லென்ஸ் முன்னும் பின்னும் உறுமிக்கொண்டே அலையும். அது முடிவுக்கு வருவதற்குள் இடைவேளை விட்டுவிடுவார்கள்.

பிறகு டெலிகன்வெர்ட்டர். இருக்கிற லென்ஸுக்குப் பின்னால் செருகினால் நீளம் இரட்டிப்பாகும் என்று ஆசை காட்டுவார்கள். ஆகும்தான். கூடவே வெளிச்சம் நாலில் ஒரு பங்காகி, 2.8 என்பது 5.6 ஆகும். இரண்டு லட்சம் கொடுத்து வரவழைத்த வெளிச்சத்தை, இன்னொரு இருபதாயிரம் கொடுத்துத் திருப்பி அனுப்புகிற ஏற்பாடு. அடுத்தது ஸ்டெபிலைசர். அதை நான் குறை சொல்லமாட்டேன். குளிரில் நடுங்குகிற என் கையை அது நன்றாகவே பிடித்துக்கொள்ளும். ஆனால் அது நிறுத்துவது என்னை மட்டும்தான். சென்டர் ஃபார்வர்டு அவன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பான். ஆட்டத்துக்கென்று வாங்குகிறவர்கள், ஸ்டெபிலைசர் இல்லாத பழைய 2.8-ஐத் தாராளமாக வாங்கலாம். விலையில் கணிசமாகக் குறையும்.

பழையது என்றதும் நிக்கான்காரர்கள் 80-200 ஏஎஃப்-டி பக்கம் போவார்கள். 1.3 கிலோ எடை, இரும்புத் தூண் மாதிரி உழைப்பு. ஒரே ஒரு விஷயம்: அதற்குள் மோட்டார் கிடையாது, கேமரா பாடியில் இருக்க வேண்டும். டி3000, டி5000 வரிசைச் சின்ன பாடிகளில் அந்த மோட்டாரை வைக்கவில்லை. மாட்டினால் மாட்டும், படமும் எடுக்கும். ஃபோகஸ் மட்டும் உங்கள் இடதுகையின் பொறுப்பு. வாங்குவதற்கு முன் மாட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

மலையில் பழைய லென்ஸ் வாங்குவதில் இதைவிடப் பெரிய வில்லங்கம் பூஞ்சைதான். பக்கத்து அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட சீமையில் துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, உப்பு ஜாடியில் கரண்டி வைத்தால் கஞ்சி எடுத்த மாதிரி வரும். லென்ஸுக்குள் மட்டும் தோட்டம் செழிக்கும். விற்கிறவர் முன்பக்கத்தைத் துடைத்துப் பளபளவென்று காட்டுவார். நீங்கள் அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, சாய்த்துப் பார்க்க வேண்டும். நூல் நூலாக, சிலந்தி குடியிருந்து காலி செய்த வீடு தெரிந்தால், அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்க வாங்க என்று அவரைக் கூப்பிடலாம். கண்ணாடியின் பூச்சையே அது அரித்திருந்தால் சுத்தம் செய்தாலும் வடு போகாது.

சமவெளி ஆள் எவராவது "டிரை கேபினட் வாங்கிடுங்க சார்" என்பார். எங்கள் வீட்டு டிரை கேபினட், மூடி இறுகிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் அதற்குள் நாலு பை சிலிக்கா ஜெல்லும். ஜெல் நனைந்துவிட்டால் வாணலியில் போட்டு லேசாக வறுத்துக்கொள்ளலாம். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வறுப்பது உசிதம்.

காசில்லாமல் டெலிபோட்டோவுக்கு ஆசைப்பட்டவர்களுக்குக் குலதெய்வம் ஒருவர் இருக்கிறார்: மா. கிருஷ்ணன். அ. மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்தவர். 1950 முதல் 1996-ல் கண்மூடும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தவர். யானைகளைக் கறுப்பு-வெள்ளையில் அவர் எடுத்த படங்களை இன்றைக்கும் விஞ்சுவது கஷ்டம். அவர் கையில் இருந்த கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காதது. ஒரு கம்பெனியின் உடம்பு, இன்னொரு கம்பெனியின் தூர லென்ஸ், மற்ற உறுப்புகள் எங்கெங்கிருந்தோ. எல்லாவற்றையும் தானே பொருத்தி 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். அதில் எங்கேயாவது ஷூ லேஸ் போட்டுக் கட்டியிருப்பார் என்று நண்பர்கள் கேலி செய்வார்களாம். பத்மஸ்ரீ வாங்கியவர். டூ பாயிண்ட் எயிட் இல்லை என்று அவர் எங்கேயும் புலம்பியதாகத் தெரியவில்லை. அவரைப் பற்றிய புத்தகத்தில் இந்தப் பகுதியை நான் சத்தமாகப் படித்தபோது என் மனைவி, "பாத்தீங்களா?" என்றாள். நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"யானைன்னா பெரிய லென்ஸ் வேணுமில்ல?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். காரமடையிலிருந்து கெத்தை வழியாக மஞ்சூருக்கு வருகிற கொண்டை ஊசிச் சாலையில் யானை பஸ்ஸை மறிப்பது வாராந்தரச் செய்தி. நீங்கள் ஜன்னலோரம், யானை ஐந்து மீட்டரில். அந்தத் தூரத்தில் 200 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டிய சின்ன சென்சார் கேமராவுக்குத் தெரிகிற அகலம் அறுபது சென்டிமீட்டர். ஒரு காது வரும். அதுவும் அசையாமல் இருந்தால். கண்டக்டர் போனில் எடுத்ததில் முழு யானையும் பின்னால் இரண்டு குட்டியும் இருக்கும். மறுநாள் பேப்பரில் வருவதும் அதுதான்.

இத்தனைக்கும் பிறகு என் கணக்கை முடித்துவைத்தது மூடுபனி. பனி இறங்கினால் எங்கள் மைதானத்தில் ஒரு கோல்போஸ்ட்டிலிருந்து அடுத்த கோல்போஸ்ட் தெரியாது. கோலியே எதிர்முனைக் கூச்சலைக் கேட்டுத்தான் கோல் விழுந்ததைத் தெரிந்துகொள்கிறார். அந்தத் தூரத்தை எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸால் இழுத்தாலும் வருவது பனிதான், கொஞ்சம் பெரிசாக, ரொம்பத் துல்லியமாக. ஆக, பனி எத்தனை அடி விடுகிறதோ அத்தனை அடிக்கு லென்ஸ் இருந்தால் போதும். மீதி நீளத்துக்குக் கொடுக்கிற பணம் முழுக்கப் பனிக்குக் கொடுக்கிற கப்பம்.

வாங்கியது 85 மில்லிமீட்டர், 1.8. ஜூம் இல்லை, ஸ்டெபிலைசர் இல்லை, எடை அரைக் கிலோகூட இல்லை. கல்யாணங்களில் பெண்ணின் முகத்தை மட்டும் எடுக்க ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருப்பது. செகண்ட் ஹேண்டில், டார்ச் அடித்துப் பார்த்து, ஆயிரம் கிலோ கொழுந்துக்குள் முடிந்தது. என் கேமராவின் சின்ன சென்சாரில் அது ஏறக்குறைய 135 மாதிரி நடந்துகொள்ளும். பழைய 5.6-ஐவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம். முழுக்கத் திறக்காமல் 2.2-ல் வைத்து, ஐஎஸ்ஓ 1600 கொடுத்தேன். ஷட்டர் 1,500-ஐத் தாண்டியது. ஜூம் செய்கிற வேலை மட்டும் கால்களுக்கு. கோல்கோட்டுக்குப் பின்னால், வலைக்கு ஓரமாக நின்றுகொண்டால் ஆட்டம் நம்மைத் தேடி வரும். பந்தும் வரும். வலைக்குப் பின்னால் தேயிலைச் சரிவு. பந்து அதற்குள் இறங்கிவிட்டால் இரண்டு பொடியன்கள் புதர் புதராகத் தேடுவார்கள். அந்த நேரமாகப் பார்த்துப் பனி விலகி, வெயில் அடித்து, எதிர்மலைவரை பளிச்சென்று தெரியும். பந்து கிடைத்ததும் மூடிக்கொள்ளும்.

இறுதி ஆட்டத்தில் அக்கா மகன்தான் வெற்றி கோலைப் போட்டான். எகிறி, தலையால். எனக்கு நேர் எதிரே, எட்டு மீட்டரில். படம் வந்தது பாருங்கள், பந்தின் தையல் எண்ணலாம், முடியிலிருந்து தெறித்த துளிகளை எண்ணலாம், பந்தைத் தள்ளிக்கொண்டிருந்த அவனுடைய இடதுகை விரல்களையும் எண்ணலாம். ஐந்து.

1986-ல் மெக்சிகோவில் மரடோனா இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் போட்ட கோலும் நடுவர் கண்ணுக்குத் தெரியாமல் படத்தில் சிக்கியதுதான். ஆனால் மரடோனாவின் தாய்மாமா அதை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடவில்லை. நான் போட்டேன், பெருமையில், "நம்ம பையன்" என்ற தலைப்போடு. அரை மணி நேரத்தில் எதிர் ஊர்க்காரர்கள் அதே படத்தைப் பெரிதாக்கி, விரல்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினார்கள். கோப்பை யாருக்கு என்று இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். அக்கா என்னோடு பேசவில்லை.

கமிட்டிப் பையன்கள் பிறகு மரியாதையாக வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணா, அடுத்த வருஷமும் நீங்க கண்டிப்பா வரணும். ஆனா கேமரா வேண்டாம். மேடைல உக்காருங்க, சிறப்பு விருந்தினரா போட்டுடறோம்" என்றார்கள்.

சிறப்பு விருந்தினர் வழக்கமாக எவ்வளவு நன்கொடை கொடுப்பார் என்று விசாரித்தேன். அந்தப் பணத்துக்கு இன்னொரு 85 வாங்கலாம்.