எல்லையில் மிஞ்சிய அரை

மைசூர் மாவட்டம், கோபிநத்தம் என்று நோட்டு அட்டையில் நான் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் எல்லை என்றால் எங்களுக்குப் பாலாற்றுச் சோதனைச் சாவடிதான். வீட்டில் தமிழும் ரேஷன் கார்டில் கன்னடமுமாக வளர்ந்தவன், மேட்டூரில் அத்தை வீட்டில் தங்கி பிளஸ் டூ சேர்ந்த பிறகுதான், கணக்கிலும் ஓர் எல்லை உண்டு, அதற்குப் போய்ச் சேரவே வேண்டாம், நெருங்கினாலே மார்க் என்று தெரிந்து மகிழ்ந்துபோனேன்.

மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணைக் கூட்டு, வர்க்கமூலம் எடு, அதிலிருந்து அந்த எண்ணைக் கழி. எண் முடிவிலியை நோக்கிப் போனால் விடை எங்கே போகும்? கரும்பலகையில் வாத்தியார் எழுதி முடிப்பதற்குள் நான் 'சுழி' என்று கத்தினேன். இரண்டும் முடிவிலி, முடிவிலியில் முடிவிலி போனால் என்ன மிஞ்சும்? அந்த வயதில் எனக்கிருந்த தைரியம் இப்போது வங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போடக்கூட வருவதில்லை.

சும்மா கத்தவில்லை, சாட்சியும் வைத்திருந்தேன்: மூலை மடங்கி, விரல் அழுக்கு ஏறி, எனக்கு முன்னே படித்த யாரோ ஓரத்தில் சினிமாப் பெயர்களை எழுதிவைத்த லாக் டேபிள். எண்ணை 100 என்று வைத்துப் பார்த்தால் வர்க்கமூலம் 100.5, மிச்சம் அரை. 1000 என்று வைத்தால் லாக் 6.0004, பாதி 3.0002, ஆன்டிலாக் அச்சாக 1000, மிச்சம் சுழி. முடிவிலிக்கு நெருக்கம் ஆயிரமா நூறா? வாத்தியார் பதில் சொல்லாமல் காதைத் திருகினார்.

பிறகு அவரே, நடுவிலிருந்த கழித்தலைக் கூட்டலாக மாற்றி எழுதி, அந்த இணையால் மேலும் கீழும் பெருக்கச் சொன்னார். தொகுதியில் வர்க்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, எண் மட்டும் தனியாக நின்றது. பகுதியில் ஏறக்குறைய அதைப்போல் இருமடங்கு. ஆக விடை அரை. கொளத்தூர்ப் பக்கம் பண்ணவாடியில், மேட்டூர் அணை நிரம்பியிருக்கும் வரை இல்லாதது போலிருந்து, நீர் வடிந்ததும் தலைகாட்டுமே நந்தி, அதுபோல இந்த அரையும் பெரிய எண்களுக்கு அடியில் பத்திரமாக இருந்திருக்கிறது. நாலு இலக்க லாக் டேபிளால் அத்தனை ஆழம் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். காது வலித்தாலும், சாக்பீஸ் தூள் பறக்க அந்த அரை வெளிப்பட்ட கணத்தில் முதுகு சிலிர்த்தது. உங்களுக்கும் அப்படி ஒரு கணக்கு இருந்திருக்கும்.

ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாவட்டம்தான் 1997இல் சாமராஜநகராகிவிட்டது. வீரப்பன் ஊரா என்று கேட்டு பஸ்ஸில் ஓரடி தள்ளி உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள், இன்று காசு கட்டி அங்கே கூடாரத்தில் தங்கி, காற்று நன்றாயிருக்கிறது என்கிறார்கள். லாக் டேபிளை எந்தப் பழைய பேப்பர்காரரிடம் போட்டோம் என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

போன மாதம் பழைய பகையைத் தீர்க்க, மகளின் லேப்டாப்பில் அதே கணக்கைப் போடச் சொன்னேன். நூறு, ஆயிரம், லட்சம், எல்லாவற்றுக்கும் அரையை ஒட்டியே சொன்னது. அடடா, என்ன முன்னேற்றம்! ஆசை விடவில்லை, ஒன்றுக்குப் பின்னே பதினேழு சுழி போடம்மா என்றேன். கண்ணிமைக்கும் நேரத்தில் விடை வந்தது: சுழி. அது பதினாறு இலக்கம்வரைதான் நினைவில் வைக்குமாம். இணையால் பெருக்கி எழுதினால் சரியாகிவிடும் என்று மகள் இரண்டே நிமிடத்தில் திருத்தி அரையை வரவழைத்தாள், வாத்தியாரைப் பார்த்தேயிராதவள்.

நான் ஆயிரத்தில் விழுந்த குழியில்தான் அதுவும் விழுந்திருக்கிறது, கொஞ்சம் தள்ளிப்போய். அதன் முகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். திருகலாம் என்றால் காதைத்தான் காணோம்.