ஓர் எழுத்தாளர் நேரலையில் இருக்கிறார்

மணப்பாறையில் விடிவதற்கு முன் மூன்று சத்தம் கேட்கும். கோயில் ஒலிபெருக்கி, முதல் பஸ்சின் ஹாரன், அண்ணனின் வாட்ஸாப். முதலிரண்டுக்கும் பழகிவிட்டோம். தாலுகாவுக்கு ஒருவர் வீதம் தமிழ்நாடு முழுக்க இப்படி ஓர் அண்ணன் இருக்கிறாராம். சில ஊர்களில் இரண்டு பேர். அங்கே ஒருவர் குழுவில் மற்றவருடைய மச்சினன் வேவு பார்ப்பான்.

அண்ணன் எழுத்தாளர். எழுதுவது பற்றி அவருக்குப் பெரிய கவலை கிடையாது. "எவன் வேணா எழுதிருவான் தம்பி. கொண்டுபோய்ச் சேக்கணும், அதுல இருக்கு" என்பார். ரயில் நிற்கிற ரெண்டு நிமிஷத்துக்குள் ஜன்னல் ஜன்னலாக முறுக்கை நீட்டி, காசு வாங்கி, சில்லறையும் கொடுக்கிற ஊரில் பிறந்தவர் வேறெப்படிப் பேசுவார்?

வாட்ஸாப் குழுவில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது என்றிருந்த காலத்திலேயே அண்ணன் 'வாசகர் வட்டம்' என்று மூன்று வட்டம் போட்டுவிட்டார். அவ்வளவு வாசகர் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்கக் கூடாது. மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க எழுதிய பட்டியல் அப்படியே இருந்தது. கேஸ் சிலிண்டர் போடுகிற தம்பி, எல்ஐசி ஏஜெண்ட், சம்பந்தி வீட்டார், ஒரு தடவை ராங் நம்பரில் பேசிய கோயம்புத்தூர்க்காரர், எல்லாரும் வாசகர்கள். குழுவைவிட்டு யாராவது வெளியேறினால் அரை மணி நேரத்தில் போன் வரும். "ஏங்க, நம்மகிட்ட ஏதும் மனத்தாங்கலா?" பந்தியில் பாதியில் எழுந்தவரைக் கேட்கிற அதே குரல். போனவர் வெட்கப்பட்டுத் திரும்பி வந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார்.

அண்ணனுக்கு இதில் குருமார்கள் உண்டு. முதல் குரு, பக்கத்து ஸ்ரீரங்கத்துச் சுஜாதா. 'அம்பலம்' இணைய இதழுக்கு ஆசிரியராக இருந்தபோது அவர் வாரா வாரம் வாசகர்களோடு கணினியில் அரட்டை அடித்தார். "பாருங்க, அப்பவே!" என்பார் அண்ணன். அரட்டைக்கு உட்காரும் முன் அந்த மனிதர் நாற்பது வருஷத்துக்குக் கிட்ட எழுதியிருந்தார் என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் அன்று என் பதிவு எதற்கும் லைக் போடவில்லை.

இரண்டாவது குரு ஜெயமோகன். 2014 ஜனவரி 1ஆம் தேதி தன் இணையதளத்தில் தொடங்கிய வெண்முரசை நாள்தோறும் ஓர் அத்தியாயமாகக் கொடுத்து, 2020 ஜூலையில் இருபத்தாறு நாவல்களாக முடித்தார். இதிலிருந்து அண்ணன் எடுத்துக்கொண்டது 'நாள்தோறும்' என்பதை மட்டும். நாள்தோறும் ஏதாவது போட்டுவிடுவார். போட ஒன்றுமில்லாத நாளில் மீள்பதிவு. அதற்கும் ஊர்க்காரணம் வைத்திருக்கிறார். எங்கள் முறுக்கை அரைவேக்காட்டில் எடுத்து ஆறவிட்டு மறுபடி எண்ணெயில் போடுவார்கள், ருசியே அந்த ரெண்டாவது பொரிப்பில்தான் என்பது ஊரார் கட்சி. "நம்ம பதிவும் அப்படித்தான்" என்பார். நாலாவது, ஐந்தாவது தடவை பொரித்தால் என்ன ஆகும் என்று முறுக்குக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மூன்றாவது குருவை நான்தான் சிபாரிசு செய்தேன். திருநெல்வேலி விமர்சகர் தி.க.சி.தான் அவர். யாரும் பெயரே கேள்விப்படாத புதுப் பையன் ஒரு கதை எழுதினாலும், படித்து அஞ்சலட்டை போட்டுவிடுகிறவராக இருந்தார். அந்த அட்டையை இன்றைக்கும் பெட்டியில் வைத்திருக்கிறவர்கள் உண்டு. அண்ணன் கவனமாகக் கேட்டார். "சரி தம்பி, ஆனா அவரு மத்தவங்க எழுதினதயில்ல படிச்சிருக்காரு?" என்றார். பேச்சு அத்தோடு நின்றது.

கருவிகளில் அவர் தொடாதது இல்லை. 2021இல் ஊரே கிளப்ஹவுஸில் புகுந்தபோது 'இலக்கியத் திண்ணை' என்று அறை திறந்தார்; நடு ராத்திரி வரை மூன்று பேர் பேசினார்கள், அதில் ஒருவர் தூங்கிப்போய் மைக்கில் குறட்டை விட்டார். கிண்டிலில் நாவலை ஏற்றினார். பிரதிலிபியில் தொடராகப் போட்டார். 'நாயகி சாகலாமா, வாழலாமா?' என்று வாக்கெடுப்பு வைத்தார். பதினொரு பேரில் ஒன்பது பேர் சாகட்டும் என்றார்கள். நாயகியின் பெயர் கொண்ட சித்தி மகள் அதைப் பார்த்துவிட்டு அந்தப் பொங்கலுக்கு வீட்டுப் பக்கம் வரவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய வெற்றி எது என்று அவரிடம் கேட்காதீர்கள், மனம் நோவார். 2023இல் மணப்பாறை முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, 'குறியீடு வந்தது, பழைய ருசி வரவில்லை' என்று ஒரு வரி எழுதினார். அவ்வளவுதான். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர்க்காரர்கள் எழுந்து வந்தார்கள். தண்ணியில் உப்பு குறைந்ததுதான் காரணம் என்று ஒரு கட்சி, எண்ணெய்தான் என்று ஒரு கட்சி, உனக்குப் பல் போய்விட்டது என்று மூன்றாவது கட்சி. மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் அதன் அடியில் தன் நாவலின் இணைப்பைப் போட்டார். 'முறுக்கு அனுப்புவீங்களா, கூரியர் எவ்வளவு?' என்று ஒருவர் கேட்டிருந்தார்.

இப்படி இருக்கையில்தான் வாசகர் வந்தார். அசல் வாசகர்.

வையம்பட்டிப் பக்கத்து மாட்டுத் தரகர், எழுபது வயதுக்கு மேல். பேரன் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு நாவலை முழுக்கப் படித்திருக்கிறார். தட்டச்சு வராது என்பதால் குரல் பதிவு, ஏழு நிமிஷம். அண்ணன் வழக்கம்போல் கேட்காமலே 'மிக்க நன்றி, தங்கள் அன்பே என் எழுத்தின் பலம்' என்று அனுப்பிவிட்டார். பெரியவர் அதை நம்பி அடுத்த பதிவையும் அனுப்பினார். ஒரு சாயங்காலம் டீக்கடையில் சேர்ந்து கேட்டோம்.

"தம்பி, ரெண்டாம் அத்தியாயத்துல ஒரு வயசுக் கன்னுக்கு ஆறு பல்லுன்னு போட்டிருக்கீங்க. பால் பல்லு விழுந்து மொத ரெண்டு பல்லு வரவே ரெண்டு வயசாகும் சாமி. அப்புறம் சந்தையில தரகன் வெலையக் கத்துறான். நாங்க துண்டைப் போட்டு உள்ள வெரலப் புடிச்சுல்ல பேசுவோம்? சரி, அது கெடக்கட்டும். அந்த மருமக ஏன் விடியக்காலையில தனியா சந்தைக்கு வர்றா? நாலு தடவ படிச்சுட்டேன். அவ மனசுல என்ன இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே. எனக்குத் தூக்கம் வரல. புதன்கெழம சந்தைக்கு வருவேன், நேர்ல பாத்துக் கேக்கணும்."

அண்ணன் டீயைக் கீழே வைத்தார். முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன், இல்லை. கடன்காரரைக் கண்ட முகம்.

"ஏண்ணே, அந்த மருமக ஏன் வர்றா?" என்றேன்.

"அத்தியாயம் நீளணும்னு கொண்டாந்தேன் தம்பி" என்றார் மெதுவாக.

செவ்வாய் சாயங்காலமே சந்தைக்கு மாடுகள் இறங்கத் தொடங்கின. புதன் காலை அண்ணன் போன் எடுக்கவில்லை. ஏழு மணிக்கு முகநூலில் மணி அடித்தது. அண்ணன் நேரலை. தலைப்பு: 'வாசகரும் நானும்.' பின்னால் வெள்ளைச் சுவர். "அன்பு உறவுகளே, இப்ப நான் ஸ்ரீரங்கத்துல, அம்மா மண்டபம் படித்துறைக்குப் பக்கத்துல ஒரு அறையில இருக்கேன். வாசகனைத் தேடிப் போறவன்தான் எழுத்தாளன்..."

பார்த்தவர்கள் நாலு பேர். நான், அண்ணி, சிலிண்டர் தம்பி, அப்புறம் பேரன் பெயரில் ஒருவர்.

அண்ணன் பேசிக்கொண்டே இருந்தார். சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு மாடு கத்தியது. சற்றுப் பொறுத்து மறுபடி, நீளமாக. அண்ணன் குரலை உயர்த்தினார். மாடும் உயர்த்தியது.

திரையின் அடியில் ஒரு கருத்து ஏறியது. பேரன் தட்டிக் கொடுத்திருக்க வேண்டும்.

'தம்பி அது நம்ம காளைதான். அங்கேயே இருங்க. வந்துட்டேன்.'