பீர் கொடுக்கலாம், மோர் கூடாது

எங்கள் வீட்டில் ராகுகாலம், எமகண்டத்தோடு சேர்த்து 'கட் ஆஃப்' என்று ஒன்றையும் பார்க்கிறார்கள். எழுபது தாண்டிய என் மாமியார் அதில் கரைகண்டவர். கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்த ஒரு மணி பத்து நிமிடம். தொடங்கியதிலிருந்து ஐந்தரை மணி நேரத்துக்குள் 90 கிலோமீட்டர் சைக்கிளையும் முடித்துவிட வேண்டும். அப்புறம் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் சேர்த்து எட்டரை மணி நேரத்தில் கோட்டைத் தொடாவிட்டால் பதக்கம் கிடையாது. இதையெல்லாம் அவர் காய்கறிக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். காய்கறிக்காரர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "அந்தப் பக்கம் பஸ்ஸு கிடையாதாம்மா?" என்றார்.

டிரையத்லானைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனம் நான் கேட்டதில்லை.

நான் செய்வது பாதி தூரம்தான். மொத்தம் 113 கிலோமீட்டர், மைல் கணக்கில் 70.3. போட்டியின் பெயரே அந்த எண்தான். அயர்ன்மேன் எனப்படும் முழு தூரம் என்றால் 3.8 நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம், பதினேழு மணி நேரம். அதைச் செய்பவர்களையும் எனக்குத் தெரியும். நல்லவர்கள்தான். பேச்சு மட்டும் கொடுத்துவிடக் கூடாது.

மாமியாரைக் குறைத்து எடைபோட வேண்டாம். பிறந்து வளர்ந்தது கோவில்பட்டி. பையன்கள் ஹாக்கி மட்டையோடு திரிகிற ஊர். பெனால்டி கார்னருக்கும் பெனால்டி ஸ்ட்ரோக்குக்கும் வித்தியாசம் தெரிந்த மாமியார் எத்தனை மருமகள்களுக்கு வாய்த்திருப்பார்? அதனாலேயே என் விளையாட்டின் மேல் அவருக்கு மதிப்பு வர நாளாயிற்று.

"ஹாக்கின்னா எழுபது நிமிஷம். ஜெயிச்சானா தோத்தானான்னு தெரிஞ்சு போகும். நீ விடியக்காலம் போயி மத்தியானம் வர்ற. கேட்டா ஜெயிக்கவும் இல்ல, தோக்கவும் இல்லங்கிற. அதுக்கு எதுக்கும்மா அம்புட்டு நேரம்?"

"இப்ப ஹாக்கியும் அறுபது நிமிஷம்தான் அத்தை."

"பாத்தியா, அவனே குறைச்சுட்டான்."

நான் இதற்குள் வந்த கதையில் ஊக்கமூட்டும் அம்சம் எதுவும் இல்லை. மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு, குளத்தோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாக்களில் நானும் ஒருத்தி. ஒருநாள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

பெண்களுக்கான நேரத்தை நான் பார்த்த குளங்களில் எல்லாம் வெயில் ஏறிய பிறகே வைக்கிறார்கள். யார் யோசனையோ தெரியவில்லை, குளிர்ந்த தண்ணீர் ஆண்களுக்கு மட்டுமே ஒத்துக்கொள்ளும் என்று நினைத்திருக்கிறார்கள். லேடீஸ் பேட்ச்சில் பாதிப் பேர் நீந்த வருவதில்லை. நாலடி ஆழத்தில் வட்டமாக நின்று இட்லி மாவுக்கு உளுந்து விகிதம், யார் வீட்டில் வரன் பார்க்கிறார்கள் என்று பேச வருகிறார்கள். நான் நீளவாக்கில் போய்ப்போய்த் திரும்புவேன். ஒவ்வொரு தடவையும் "கொஞ்சம் வழி விடுங்கக்கா" என்று கேட்க வேண்டும். ஓர் அக்கா பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்: "யாரும்மா உன்ன துரத்துறா?"

கடலில் அந்தத் தொந்தரவு இல்லை, வேறு தொந்தரவுகள். குளத்தின் தரையில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும், அதைப் பார்த்தே நேராகப் போகலாம். கடலுக்கு அடியில் யாரும் கோடு போட்டுவைக்கவில்லை. நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி மிதவை எங்கே என்று பார்க்க வேண்டும். பார்க்கிற நேரத்தில் சரியாக ஓர் அலை எழும். எங்கள் கூட்டத்துக்குத் துணையாகப் படகில் வரும் மீனவர் அண்ணன் தண்ணீரைப் பார்த்ததும் சொல்லிவிடுவார், "இன்னிக்குத் தெண்டி ஓடுது" என்று. தெற்கேயிருந்து வடக்கே போகும் நீரோட்டம் அது. அன்றைக்கு வடக்கே பார்த்து நீந்தினால் என் கைக்கடிகாரம் உலகத்தரமான வேகம் காட்டும். அதை அப்படியே ஸ்ட்ராவா செயலியில் போட்டு, தெண்டிக்குச் சேர வேண்டிய பாராட்டுகளை நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அந்த அண்ணன் ஒருநாள் எங்களையெல்லாம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க நீந்தறதுக்குத் துட்டு குடுத்து வர்றீங்க. நாங்க நீந்தாம இருக்கத்தான் லோன் போட்டு போட் வாங்கினோம்."

சைக்கிளுக்கு வருவோம். இந்த சைக்கிளுக்கு ஸ்டாண்ட் கிடையாது, மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது, மணி கிடையாது. விலை மட்டும் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டிருந்தது. ஷூவின் அடியில் கிளீட் என்று ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். பெடலில் வைத்து அழுத்தினால் 'கிளிக்' என்று மாட்டிக்கொள்ளும். கழற்ற வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். மூளை இதைக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் சிக்னல் வந்துவிடும். கிளீட் போட்ட எவரையும் கேட்டுப் பாருங்கள், நின்ற இடத்தில் விழுந்த அனுபவம் ஒன்று இருக்கும். என்னுடையது திருவான்மியூர் சிக்னலில். சிவப்பு விழுந்தது, பிரேக் பிடித்தேன், சைக்கிள் நின்றது, இரண்டு காலும் மாட்டியபடியே. மெதுவாக, மிக மெதுவாக, பக்கத்தில் நின்ற ஆட்டோவின் மேல் சாய்ந்தேன். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எங்க போவணும்?" என்றார். அப்புறம் சரிந்து தரைக்கே வந்துவிட்டேன். டீக்கடையிலிருந்து ஓடிவந்தவர்கள் கையைப் பிடித்துத் தூக்க, என்னோடு சைக்கிளும் எழுந்து வந்தது. "விட்ரும்மா, சைக்கிள விட்ரு" என்று ஒருவர் கெஞ்சினார். நான் விட்டுவிட்டேன், அதுதான் விடவில்லை.

ஞாயிறு விடியற்காலையில் ஈசிஆரில் மாமல்லபுரம் பக்கம் போய்த் திரும்புவோம். அதற்குத் தின்ன ஜெல் என்று பாக்கெட்டில் ஒன்று விற்கிறார்கள். ஒரு பாக்கெட் விலைக்கு இரண்டு பேர் டிபன் சாப்பிடலாம். மாமியார் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "பாயசத்துல கை தவறி உப்பப் போட்டுட்டான். அதையும் தூரக் கொட்டாம வித்துருக்கான்" என்றார். மறுவாரம் முதல் கோவில்பட்டி கடலைமிட்டாய்தான். வெல்லமும் கடலையும் செய்கிற வேலையைத்தான் அந்த ஜெல்லும் செய்கிறது. ஒரே குறை, முட்டுக்காடு தாண்டி வெயில் ஏறியதும் முதுகுப் பையில் வெல்லம் கசிந்து ஜெர்சியோடு ஒட்டிக்கொள்ளும். துவைக்கப் போட்டால் முதலில் எறும்பு வரும், அப்புறம்தான் சோப்பு.

சைக்கிளை முடித்ததும் நிற்காமல் ஓட வேண்டும். கால் நம்முடையதாகவே இருக்காது, யாரிடமோ இரவல் வாங்கியது மாதிரி தடுமாறும். அதைப் பழக்கத்தான் இந்தப் பயிற்சி. சைக்கிளை வாட்ச்மேனிடம் நீட்டிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, தெருவில் ஓட ஆரம்பிப்பேன். எதிர்வீட்டுப் பெரியவருக்கு இது பல மாதமாக உறுத்தியிருக்கிறது. "ஏம்மா, தெனமும் உன் சைக்கிள் நம்ம வாசல்லயேவா பஞ்சர் ஆவுது?" என்று கேட்டார்.

என் கணவர் முதலில் பை தூக்குகிறவராகத்தான் வந்தார். காற்றடிக்கும் பம்ப், துண்டு, மாற்றுச் செருப்பு, என் கண்ணாடி எல்லாம் அவரிடம். இந்த வேலைக்கு எங்கள் வட்டாரத்தில் ஷெர்பா என்று பெயர். எவரெஸ்டில் ஷெர்பாவுக்குச் சம்பளம் உண்டு. நின்று நின்று கால் வலிப்பதற்கு ஓடியே வலிக்கட்டும் என்று அவரும் ஓட ஆரம்பித்தார். அவருடைய ஓட்டத்தில் பாதி கடிகாரத்துக்காக. வீட்டு வாசலுக்கு வரும்போது 9.96 என்று காட்டினால் உள்ளே வரமாட்டார். பார்க்கிங்கில் கார்களைச் சுற்றிச் சுற்றிப் பத்து ஆக்கிவிட்டுத்தான் படியேறுவார். வாட்ச்மேன் முதலில் எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்துக் கூடவே தேடியிருக்கிறார். மகளுக்குக் கடிகாரமும் கிடையாது, பயிற்சியும் கிடையாது. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வருவாள், பெசன்ட் நகர் கடற்கரையில் எங்கள் இருவரையும் தாண்டிப் போய், சுண்டல் வாங்கித் தின்றுகொண்டு நிற்பாள். பெற்றவர்களுக்கு இதைவிடப் பெருமையும் எரிச்சலும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் உலகத்தில் இல்லை.

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதுக்கெல்லாம் எங்கள் வீட்டில் விளக்கு அணைந்துவிடும். சனிக்கிழமை ரிசப்ஷன்களில் பொண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வருவதற்கு முன்பே மொய் எழுதி, முதல் பந்தியில் உட்கார்ந்து, பீடாவோடு கிளம்பிவிடுகிறோம். பல கல்யாண ஆல்பங்களில் நாங்கள் இல்லை. பந்தி வீடியோவில் மட்டும் தவறாமல் இருக்கிறோம்.

கோவாவுக்குக் குடும்பத்தோடு போனதும் போட்டிக்காகத்தான். கோவா என்றதும் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி சிரித்தார்கள். மாமியாரையும் கூட்டிப்போகிறோம் என்றதும் அந்தச் சிரிப்பு குழம்பிப்போயிற்று. 2019 முதல் அங்கே மிராமர் கடற்கரையில் 70.3 நடக்கிறது. அரபிக்கடலில் நீந்திக் கரையேறி, சைக்கிள்கள் வரிசையாகத் தொங்கும் இடத்துக்கு ஓட வேண்டும். அங்கே ஹெல்மெட்டின் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம். முன்னால் போகிறவரின் சைக்கிளுக்கு 12 மீட்டர் தள்ளித்தான் ஓட்ட வேண்டும், அவருடைய காற்றுமறைவில் ஒதுங்கினால் ஐந்து நிமிடம் தண்டனை. இதெல்லாம் எனக்குத் தெரியும். மாமியாருக்கும் தெரியும். வெளியாள் யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வாங்கக் கூடாது என்ற விதிதான் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் எப்படி வெளியாள்?

ஓட்டத்தின் முதல் சுற்றிலேயே பார்த்துவிட்டேன். ஓரத்தில் எவர்சில்வர் செம்போடு நின்றார். இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை தட்டிப்போட்ட மோர். லாட்ஜ் சமையலறையில் எந்த மொழியில் பேசி அதை வாங்கினார் என்பது இன்றுவரை எங்களுக்குப் புரியாத விஷயம். பக்கத்திலேயே விசிலோடு ஒரு நடுவர்.

"வேணாம் அத்தை, வாங்கினா வெளியேத்திருவாங்க!"

"மோருக்கா?"

அடுத்த சுற்றில் செம்பு இன்னும் கொஞ்சம் முன்னால் நீண்டிருந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினேன். அதற்கடுத்த முறை வந்தபோது நடுவரைப் பார்த்து முறைத்தபடி தானே மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தார். அந்த அக்டோபர் வெயிலில் அந்தக் கடைசி மடக்கைப் பார்த்தது, எனக்கு ஓட்டத்தை விடக் கஷ்டமாக இருந்தது.

அன்று மாலை என் கணவர், அம்மாவைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, அயர்ன்மேன் பிறந்த பழைய கதையை எடுத்தார். 1978 பிப்ரவரி 18ஆம் தேதி, ஹவாயின் ஓவாஹு தீவு. நீச்சல்காரன் உசத்தியா, ஓட்டக்காரன் உசத்தியா, சைக்கிள்காரன் உசத்தியா என்ற வாக்குவாதத்தைத் தீர்க்க, கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் தீவின் மூன்று தனித்தனிப் போட்டிகளை ஒன்றாகத் தைத்தார். 15 பேர் இறங்கி 12 பேர் முடித்தார்கள். வென்ற கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் ஆயிற்று. அந்தக் காலத்தில் சாப்பாடு, தண்ணீர் கொடுக்க ஒவ்வொருவரும் தன் ஆட்களைத் தானே கூட்டிவர வேண்டும். முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஜான் டன்பரின் ஆட்களிடம் தண்ணீர் தீர்ந்துபோக, அவருக்கு பீர் கொடுத்திருக்கிறார்கள். ஹாலர் முந்திவிட்டார், டன்பர் இரண்டாவது. மறு வருடம் லின் லெமேர் என்ற பெண், அந்தப் போட்டியை முடித்த முதல் பெண், ஆண்களுக்கு நடுவில் ஐந்தாவதாக வந்தார்.

மாமியாருக்கு லின் லெமேர் எல்லாம் காதில் ஏறவில்லை. "பீரக் குடுத்தவன விட்டுட்டான். மோரக் கொண்டுபோனவளுக்கு விசிலு ஊதுறான். இது எந்த ஊரு நியாயம்? நீ லெட்டர் எழுது" என்றார் மகனிடம். மகன் எழுதவில்லை. அந்தப் புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

நான் கட் ஆஃபுக்குள் முடித்தேன். யாரும் பொறாமைப்படும் அளவுக்கு இல்லை. ஊர் திரும்பியதும் வழக்கமான கேள்வி, "எத்தனாவது?" என் வயதுப் பெண்களில் என்று ஆரம்பிப்பதற்குள் மாமியார் குறுக்கிட்டு, "கட் ஆஃபுக்குள்ள வந்துட்டா" என்று முடித்துவிட்டார். மேற்கொண்டு கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை. அந்த நவராத்திரிக்குக் கொலுவின் கடைசிப் படியில், செட்டியார் பொம்மையின் கழுத்தில் என் பழைய பதக்கம் ஒன்று தொங்கியது. செட்டியார் அதற்குத் தகுதியான உடம்புவாகு கொண்டவர் அல்ல.

டீ ஷர்ட்டுகளைப் பற்றி ஒரு வரி. போட்டிக்கு ஒன்று தருகிறார்கள், வீடு கொள்ளவில்லை. நான் முடித்த போட்டியின் 'ஃபினிஷர்' சட்டையை என் கணவர் மார்க்கெட்டுக்குப் போட்டுப் போய், வாழைக்காய்க்கடையில் கைகுலுக்கல் வாங்கி வந்தார். மறுக்கவும் இல்லையாம்.

மடோனா பூடர் என்ற அமெரிக்கக் கன்னியாஸ்திரியைப் பற்றி மாமியாரிடம் சொன்னேன். 1930இல் பிறந்தவர், நாற்பத்தெட்டு வயதில்தான் ஓடவே ஆரம்பித்தார். 2012இல், 82 வயதில், கனடாவில் முழு தூர அயர்ன்மேனை முடித்தார். உங்களுக்கும் வயதிருக்கிறது அத்தை என்று சொல்லவந்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கன்னியாஸ்திரின்ன இல்ல? அதான். வீட்டுல கேக்க ஆளில்ல" என்றார்.

கடைசியாக வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆரில் இளநீர் குடிக்கக் காரை ஓரமாக நிறுத்தினால், கதவைத் திறப்பதற்கு முன் கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பாருங்கள். வருவது நானாக இருக்கலாம். என்னிடம் மணி இல்லை, இரண்டு காலும் பெடலில் மாட்டியிருக்கும்.